சமானத் தொடர்பு: வகுப்புகளின் அளவை எண்ணுவது எப்படி? (நான்கு ஜெரேனியம் தொட்டிகளோடு)

குன்னூரில் எங்கள் வீட்டு வாசலில் சுழலும் வட்டப் பலகை ஒன்று உண்டு. அதில் நான்கு ஜெரேனியம் தொட்டிகள், சிவப்பிலும் வெள்ளையிலும். மிஸ்ட் இறங்கிய ஒரு மதியம், இவற்றை எத்தனை விதமாக வைக்கலாம் என்று மகள் கேட்டாள். எந்த இடத்திலும் எந்த நிறமும் வரலாம் என்றால், இடத்துக்கு இரண்டு நிறம், நான்கு இடம், ஆக 2×2×2×2 = 16. பலகையைச் சுற்றினால் வருவதெல்லாம் ஒன்றுதான் என்பதால் 16-ஐ 4-ஆல் வகுத்து, நாலு என்றேன். அவள் வைத்துக் காட்டியது ஆறு.

படி 1. "சுற்றினால் ஒன்றாகிவிடும்" என்பது சமானத் தொடர்புதானா, அதாவது தற்சுட்டு, சமச்சீர், கடப்பு என்ற மூன்று பண்பும் உள்ள தொடர்புதானா? சுற்றாமல் விட்டால் அதே அடுக்கு (தொட்டிகளை வைத்த வரிசை): தற்சுட்டு. எதிர்ப்பக்கம் சுற்றினால் பழையது வரும்: சமச்சீர். இரண்டு சுற்று சேர்ந்தாலும் அதுவும் ஒரு சுற்றுதான்: கடப்பு. சரி, 16-ம் ஒன்றோடொன்று கலக்காத வகுப்புகளாகப் பிரியும். சுற்றினால் ஒன்றாகிவிடும் அடுக்குகளின் குழுதான் ஒரு வகுப்பு.

படி 2. ஓர் அடுக்கை எடுத்து, பழையபடி வரும்வரை கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். வழியில் பார்த்த வெவ்வேறு அடுக்குகளின் எண்ணிக்கைதான் வகுப்பின் அளவு.

நான் சறுக்கியது இங்கேதான். சி-வெ-வெ-வெ (சி சிவப்பு, வெ வெள்ளை) என்று வைத்தால் சிவப்பு நான்கு இடத்துக்கும் போய்வரும், அளவு 4. சி-வெ-சி-வெ வைத்துப் பாருங்கள். முதல் திருப்பத்தில் வெ-சி-வெ-சி. இரண்டாவதிலேயே பழையது வந்துவிடும்! அளவு 2. எல்லாமே சிவப்பென்றால் 1. எல்லா வகுப்பும் ஒரே அளவாக இருந்தால்தான் நேராக வகுக்க முடியும்.

படி 3. கூட்டிச் சரிபாருங்கள். எல்லாம் சிவப்பு, எல்லாம் வெள்ளை, ஒரு சிவப்பு, மூன்று சிவப்பு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவப்பு, ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பு என்ற வரிசையில்: 1+1+4+4+4+2 = 16. மகள் காட்டிய ஆறு வகுப்பும் இவைதான்.

கம்ப்யூட்டரில் நிரல் எழுதினால் விடை உடனே வரும். ஆனாலும் முதல்முறை ஒரு சாஸரில் இரண்டு நிறப் பொத்தான்களை வைத்துத் திருப்புவதையே சொல்வேன். அந்த இரண்டாவது திருப்பத்தைக் கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

அளவு ஏன் 3 ஆவதில்லை? வகுப்பின் அளவையும், அடுக்கை மாற்றாத சுற்றுகளின் எண்ணிக்கையையும் பெருக்கினால் மொத்தச் சுற்றுகளின் எண்ணிக்கையான 4 (சுற்றாமல் விடுவது, கால், அரை, முக்கால்) வர வேண்டும். 3-ஐ எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் 4 வராது. சி-வெ-சி-வெ-யை மாற்றாதவை இரண்டு: சுற்றாமல் விடுவது, அரைச் சுற்று. 2×2.

பிற்சேர்க்கை: ஐந்து தொட்டி வைத்துப் பார்த்த ஒருவர், ஒரே நிற அடுக்குகள் தவிர எல்லா வகுப்பும் 5 அளவிலேயே வருகிறதே என்று கேட்டிருந்தார். 5 பகா எண், அதனால் அளவு 1 அல்லது 5 மட்டுமே. 32-இல் ஒரே நிறம் இரண்டு போக 30, ஐந்தைந்தாக 6. மொத்தம் 8 வகுப்புகள்.

எல்லாச் சமானத் தொடர்புக்கும் இந்தப் பெருக்கல் விதி உண்டா என்று இன்னொரு கேள்வி. இல்லை, சுற்றுவதால் வந்த விதி இது. மலை ரயிலில் இருப்பவர்களை "ஒரே ஸ்டேஷனில் ஏறியவர்கள்" என்று பிரித்தால், குன்னூரில் 30 பேர், வெலிங்டனில் 7 பேர், கேத்தியில் ஒரே ஒருவர் என்று எப்படியும் இருக்கலாம். கூட்டினால் ரயிலில் இருக்கும் அத்தனை பேரும் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.