ரீம் பிசியோ ஆக முதல்: விளையாட்டுப் புனர்வாழ்வுக்கு ஆசைப்படும் மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபிப் படிப்புக் கிடைத்த கையோடு "நான் ஸ்போர்ட்ஸ் பக்கம்தான் போகப்போறன்" என்று சொல்லும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் ஒரு பட்ச் விட்ட பிழையை அடுத்த பட்ச்சும் அச்சுப் பிசகாமல் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒழுங்காகப் படி, ஆங்கிலத்தைத் திருத்து, நேரத்துக்குப் போ என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அவை இங்கே இல்லை.

பெயரைப் பார்த்துப் பட்டம் எடுத்தல்

'விளையாட்டு விஞ்ஞானம்' என்ற பெயரைக் கண்டதும் இதுதான் குறுக்குவழி என்று நினைப்பவர்கள் உண்டு. சப்ரகமுவவிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் அந்தத் துறைப் பட்டங்கள் இருக்கின்றன. பயிற்றுநர், உடற்தகுதி, முகாமைத்துவம் என்று போகிறவருக்கு அவை பொருந்தும். பிசியோவாக நோயாளியைத் தொட வேண்டுமென்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும், அந்தப் பதிவுக்குப் பிசியோதெரபித் தகைமை வேண்டும். பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களின் 4 வருடப் பட்டம் நேரான வழி. தனியார் நிறுவனம் என்றால் முதல் தவணைக் காசு கட்ட முதல், இந்தத் தகைமைக்குப் பதிவு கிடைக்குமா என்று மருத்துவ சபையிடமே கேளுங்கள். அனுமதி மேசையில் இருப்பவர் சொல்லும் "ஓம், பிரச்சினையில்லை" கணக்கில் வராது.

படிக்கும்போதே 'ரீம் பிசியோ' ஆவது

இதுதான் பெரிய பிழை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

தொடக்கம் எப்போதும் ஒரே மாதிரி. மூன்றாம் வருட மாணவர் விடுமுறைக்கு ஊருக்கு வருவார். பழைய பாடசாலை அணிக்கோ ஊர்க் கழகத்துக்கோ ஆள் தேவைப்படும். ஒரு ஜேர்சி, ஒரு சாப்பாட்டுப் பார்சல், எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை, கையில் குளிர் ஸ்ப்ரே போத்தல். முகநூலில் படம் ஏறும்போது பெயருக்குக் கீழே 'அணியின் பிசியோ' என்று வந்துவிடும். பதிவு பெற்ற ஒருவரும் மேற்பார்வைக்கு இல்லை என்பதை யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் வாரத்திலேயே ஒரு கணுக்கால் வரும். ஸ்ப்ரே தோலைக் கொஞ்ச நேரம் மரக்கவைக்கும், அவ்வளவுதான். உள்ளே எலும்பு வெடித்திருந்தால் அதற்கு அது ஒன்றும் செய்யாது. அந்த இடத்தில் மாணவர் செய்ய வேண்டியது, எக்ஸ்ரே தேவையா என்று கையால் பார்க்கும் ஒட்டாவா விதி. இரு கணுக்கால் மொளிகளின் பின்விளிம்பிலும், நுனியிலிருந்து மேலே 6 சென்ரிமீற்றர் வரை விரலால் அழுத்துங்கள். சின்ன விரலுக்கு நேரே பாதத்தின் நடுப்பகுதியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு அடியையும், பாதத்தின் உட்பக்கத்தில் நவிகுலர் எலும்பையும் அழுத்துங்கள். இந்த இடங்களில் எலும்பிலேயே நொந்தால் எக்ஸ்ரே. விழுந்த உடனும் பிறகு பரிசோதிக்கும்போதும் நொண்டியாவது 4 அடி வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே. இது ஒரு நிமிட வேலை. ரேப் சுற்றுவதற்கு அதைவிடக் கூட நேரம் எடுக்கும். ஆனால் எல்லோரும் ரேப்பைத்தான் முதலில் எடுக்கிறார்கள், ஏனென்றால் பார்வையாளருக்குத் தெரிவது அதுதான்.

முழங்கால் இன்னும் மோசம். உதைபந்தாட்டத்தில் ஒரு பையன் ஓடிவந்து திரும்பும்போது, யாரும் இடிக்காமலே, 'டக்' என்ற சத்தத்தோடு விழுகிறான். ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் முழங்கால் பந்தாக வீங்குகிறது. இவ்வளவு கேட்டாலே, முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்துவைத்திருக்கும் ஏ.சி.எல். சவ்வு அறுந்ததோ என்று சந்தேகிக்க வேண்டும். இவ்வளவு கெதியாக வரும் வீக்கம் பெரும்பாலும் மூட்டுக்குள் கசிந்த இரத்தம். மாணவரோ வீங்கி இறுகிய காலை ஆட்டிப் பார்த்து, "சவ்வு கொஞ்சம் இழுபட்டிருக்கு, மூண்டு கிழமையில சரிவரும்" என்கிறார். மூன்று கிழமையில் வீக்கம் வற்றும், நேராக ஓடவும் வரும். சவ்வு அறுந்த முழங்கால் நேர் ஓட்டத்தில் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. வெட்டித் திரும்பும்போதுதான் நழுவும். அப்படி இரண்டாவது தடவை நழுவும்போது உள்ளே இருக்கிற குருத்தெலும்புத் தட்டும் கிழியலாம். முதல் நாளே வைத்தியரிடம் அனுப்பியிருந்தால் ஒரு காயத்தோடு முடிந்திருக்கும்.

ஒப்பரேஷன் முடிந்த பிறகும் நெருக்குதல் போகாது. ஓகஸ்டில் ஒப்பரேஷன், மார்ச்சில் பாடசாலைகளின் கிறிக்கெட் பெருஞ்சமர், கணக்கில் 7 மாதம். பையனுக்கு அதுதான் பாடசாலையில் கடைசி வருடம். 2016இல் வெளியான டெலவெயர்-ஒஸ்லோ ஆய்வில், 9 மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைப் பிற்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மறுபடி காயப்படும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதை மாணவர் விரிவுரையில் படித்திருப்பார். ஆனால் பயிற்றுநரும் பழைய மாணவர் சங்கத்து அண்ணையும் தகப்பனும் சுற்றி நின்று, "தம்பி, ஸ்ட்ரப் பண்ணி விடும், ஒரு பத்து ஓவர் நிண்டாக் காணும்" என்று சொல்லும்போது, 22 வயது ஆளால் 'இல்லை' என்று சொல்ல முடிவதில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பதவி இல்லை, பதிவு இல்லை, பின்னால் நிற்க ஒரு வைத்தியர் இல்லை. பொறுப்பு மட்டும் முழுசாகத் தலையில் இருக்கும். யாழ்ப்பாணம் சின்ன இடம். அந்த முழங்கால் திரும்பப் போனால், பட்டம் எடுத்து வந்து கிளினிக் திறக்கும் நாளிலும் அந்தக் கதை சந்தியில் நிற்கும்.

அதற்காக மைதானத்துக்கே போகக்கூடாது என்று இல்லை. போகிறவர் முதலில் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிப் பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்கட்டும். எந்தப் பதிவு பெற்ற பிசியோவின் கீழ் அல்லது எந்த வைத்தியரின் கீழ் நிற்கிறேன். வெளியே எடுத்த வீரரை அன்றைக்குத் திரும்ப இறக்குவது என் முடிவல்ல, அவர்களுடையது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்று ஆட்டம் முடிந்தது, பேச்சில்லை. கையெழுத்து வைக்க மறுக்கும் அணி உங்களைத் தேடியது ஸ்ப்ரே அடிக்கத்தான்.

பிறகு மாணவர் தாராளமாகச் செய்யக்கூடிய இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, பீபா 11+ என்ற உடல் சூடேற்றும் பயிற்சி. ஓட்டம் 8 நிமிடம், பலமும் சமநிலையும் 10 நிமிடம், வேக ஓட்டம் 2 நிமிடம், மொத்தம் 15 பயிற்சிகள். கிழமைக்கு 2 தடவையாவது நடக்க வேண்டும். அதிலுள்ள நோர்டிக் ஹம்ஸ்றிங் என்ற பின்தொடைப் பயிற்சியைப் புதியவர்களுக்கு 3 முதல் 5 தடவையோடு நிறுத்துங்கள். முதல் நாளே 15 செய்யவிட்டால் அடுத்த நாள் படி இறங்க முடியாமல் தொடை பிடிக்கும், மூன்றாம் நாள் ஒருவரும் வரமாட்டார்கள். மற்றது, காயப் பதிவேடு: திகதி, உடற்பகுதி, மோதியதா தானாக வந்ததா, பயிற்சியா போட்டியா, எத்தனை நாள் இழப்பு. கூடவே விளையாடிய நேரம். 18 பேர், ஒன்றரை மணித்தியாலம், கிழமைக்கு 3 நாள் என்றால் 81 ஆள்-மணித்தியாலம். 12 கிழமையில் 972. அதற்குள் 6 காயம் என்றால் 1000 மணித்தியாலத்துக்கு 6.2. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பேசும் மாணவரை எந்த நேர்முகத்திலும் கவனிப்பார்கள். கடைசி வருட ஆய்வுக்கு இதைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், தரவு சேர்க்க முதலே ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி எடுக்க வேண்டும். சேர்த்துவிட்டுப் போனால் ஏற்க மாட்டார்கள்.

'எனக்கு ஸ்போர்ட்ஸ்தானே' என்று வார்ட்டைக் கடத்துதல்

நெஞ்சு வார்ட்டிலும் பக்கவாத வார்ட்டிலும் கையெழுத்து வைத்துவிட்டு நழுவுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பதிவுக்குக் கோப்பு அனுப்பும்போது அங்கேயுள்ளவர்கள் என்புத்தசை, நரம்பியல், இதய-சுவாசம் என்று மூன்று பகுதியிலும் மருத்துவப் பயிற்சி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அப்போது ஐந்து வருடத்துக்கு முந்திய மணித்தியாலங்களை நிரூபிக்க ஆளைத் தேடி அலைய வேண்டும். ஒரு சீ.ஆர். கொப்பி போதும்: திகதி, பிரிவு, பகுதி, மணித்தியாலம், மேற்பார்வையாளர் கையெழுத்து, அவருடைய பதிவிலக்கம். கிழமைக்குக் கிழமை வாங்குங்கள். வருடக் கடைசியில் மொத்தமாக வாங்கப் போனால் அவர் இடமாற்றத்தில் போயிருப்பார். விரிவான பாடத்திட்டப் பிரதியையும் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே முத்திரையோடு எடுத்து வையுங்கள்.

கோர்ஸ் சேர்த்தல்

ரேப்பிங், ஊசி குத்துதல், கப்பிங் என்று இரண்டு நாள் சான்றிதழ்களைச் சுவரில் மாட்டுவதற்கு முதல், மூட்டு எவ்வளவு மடிகிறது என்று அளக்கும் கோணமானி, அளவு நாடா, போனில் தாளம் தட்டும் ஒரு மெட்ரோனோம், இந்த மூன்றையும் பழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நிலத்தில் 6 மீற்றர் நாடா ஒட்டி, ஒற்றைக் காலில் தாண்டி அதே காலில் ஆடாமல் நிற்கும் தூரத்தை அளக்கலாம். காயப்பட்ட கால் 142 சென்ரிமீற்றர், மற்றது 165 என்றால் 86 வீதம். விளையாட்டுக்குத் திரும்பப் பொதுவாகக் கேட்கும் எல்லை 90 வீதம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மாதக்கணக்கில் ஆடாமல் இருந்த நல்ல காலும் பலம் குறைந்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் வீதம் அழகாக வரும். ஆகவே பருவம் தொடங்க முதலே எல்லோருக்கும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தாண்டுதல் சரியாக வந்தாலும் முன்தொடை பலவீனமாக இருக்கலாம் என்பதால் பலத்தைத் தனியாக அளக்க வேண்டும்.

ஜிம் வாசல் மிதிக்காமல் இருத்தல்

டெட்லிப்ட் செய்யத் தெரியாதவர் டெட்லிப்ட் எழுதிக் கொடுக்கக்கூடாது.

முறிவு நெரிவு வைத்தியரை நக்கலடித்தல்

வருகிறவர்களில் பலர் எண்ணெயும் கட்டுமாக அங்கே போய்விட்டுத்தான் உங்களிடம் வருவார்கள். எத்தனை நாள் கட்டியிருந்தது, எக்ஸ்ரே எடுத்ததா என்று மட்டும் கேளுங்கள். நக்கலடித்தால் அடுத்தமுறை அங்கே போனதைச் சொல்லாமல் மறைப்பார்கள், இறுகிப்போன கணுக்காலுக்குக் காரணம் தெரியாமல் நீங்கள் முழிப்பீர்கள்.

மருந்து கொடுத்தல்

கொடுக்காதீர்கள். ஊக்கமருந்து விதி வீரரோடு நிற்கும் உதவியாளரையும் பிடிக்கும், இலங்கையில் அதற்கு 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. போட்டிக் காலத்தில், வீக்கத்துக்கும் நோவுக்கும் போடும் ஸ்டெரொயிட் ஊசி (குளுக்கோகோர்ட்டிகொயிட்) எந்த வழியாக ஏற்றினாலும் 2022 ஜனவரியிலிருந்து தடை.

கிறிக்கெட்டை மட்டும் நினைத்தல்

தேசிய அணியில் பிசியோவுக்கு இடம் ஒன்றோ இரண்டோதான். இங்கே கிளினிக்குக்கு வரப்போவது கரப்பந்தாட்டத்தில் குதித்துக் குதித்து முழங்கால் சில்லுக்குக் கீழ்த் தசைநாண் நொந்தவர், வலைப்பந்தாட்டத்தில் நின்ற இடத்தில் திரும்பிக் கணுக்கால் மடிந்த பிள்ளை, கோலூன்றிப் பாய்ந்து நாரி பிடித்தவர். தெல்லிப்பழை மகாஜனாவிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை வைத்தவர். அந்த விளையாட்டின் தோள், நாரிக் காயங்களைத் தெரிந்த பிசியோ வடக்கில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் வெற்றிடம் எங்கே என்று விளங்கும். சம்பளத்துக்கு அரச ஆஸ்பத்திரி அல்லது தனியார் வெளிநோயாளர் பிரிவு, பின்னேரத்தில் அணி என்பதுதான் முதல் சில வருடத்துக்கு நடைமுறை. வெளிநோயாளர் பிரிவின் முதுகுவலியும் தோள்மூட்டு இறுக்கமும்தான் கையைப் பழக்கும்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ்ஸை மூன்றாம் வருடத்தில் எழுதுதல்

வெளிநாட்டுப் பதிவுக்காக எழுதும் இந்த ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு 2 வருடம்தான் செல்லும். பட்டம், பதிவு, அனுபவக் கடிதம் எல்லாம் கைக்கு வரும்போது அது காலாவதியாகியிருக்கும், காசைக் கட்டித் திரும்ப எழுத வேண்டும்.