அளவெடுக்கும்போது கண்ணில் பட்டால்

எப்போதும் குட்டைக் கை வைத்துத் தைப்பவள், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் வந்து, "இந்தத் தடவ முழங்கை வரைக்கும் வச்சிருங்கக்கா" என்றால் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் 22 வருஷமாகத் தைக்கிறேன். மேல்கையில் டேப்பைச் சுற்றும்போது ஒரு பக்கம் நாலு நீலத் தடம், மறுபக்கம் ஒன்று. நாலு விரல், ஒரு கட்டைவிரல். கதவில் இடித்துக்கொண்டால் அப்படி வராது.

அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டு அளவை எழுதுங்கள். கூட வந்த மாமியாரைத் துணி பார்க்க முன்கடைக்கு அனுப்பிவிட்டு, மெதுவாக ஒன்று மட்டும் கேளுங்கள்: "வீட்ல பயமா இருக்கா?" இல்லை என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த ட்ரையலுக்கு எப்படியும் வருவாள். முதன்முதலில் இப்படிப் பார்த்தபோது நான் கேட்டது, "ஏம்மா இன்னும் அந்த ஆளோட இருக்க?" பாதி தைத்த ப்ளவுஸை வாங்கிக்கொண்டு போனவள்தான், அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. அந்தக் கேள்வியை ஜென்மத்துக்கும் யாரிடமும் கேட்காதீர்கள்.

மனைவிகள் மட்டும்தான் அடி வாங்குகிறார்கள் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஜிப்பாவுக்கு அளவு கொடுக்க வந்த ஓர் அண்ணன் முதுகில் வெந்நீர் ஊற்றிய கொப்புளம், ஊற்றியது மனைவி. என்னிடம் தைக்கும் ஒரு திருநங்கைத் தங்கச்சியின் ஐசியையும் (அடையாள அட்டை) ஹார்மோன் மாத்திரையையும் அவள் ஆள் பூட்டி வைத்திருந்தான். ஆயர் ஈத்தாமில் ஒரே அறையில் இருந்த இரண்டு பையன்களில் ஒருவன் அடிப்பான். மற்றவன் கிளம்பப் பார்த்தால், "உங்கம்மாவுக்குப் போட்டோ அனுப்பிடுவேன்" என்பான். அடி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கிறது. எது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்தான் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் உதவிக்குக் கிளம்பும் முன் அவர்களையே கேளுங்கள்: யாருக்குத் தெரியவே கூடாது?

அதற்கப்புறம்தான் சட்டம். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் கணவன், மனைவி, பிரிந்துபோன துணை, பிள்ளைகள், வீட்டு உறவுகள் எல்லாரையும் சேர்க்கிறது. மனைவியிடம் அடி வாங்கும் கணவனுக்கும் அதே பாதுகாப்புதான். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! "ரெஜிஸ்டர் பண்ணலியே, யாரு கேப்பா" என்று அழுவார்கள். சடங்கு நடந்திருந்தால் அவர்களும் அந்தச் சட்டத்தில் வருவார்கள்.

காதலர்களும், கல்யாணம் இல்லாமல் சேர்ந்து இருப்பவர்களும், ஆணோடு ஆணாக, பெண்ணோடு பெண்ணாக வாழ்பவர்களும் வரமாட்டார்கள். எனக்கு இதில் தீராத ஆத்திரம். ஆனாலும் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். யார் யாரை அடித்தாலும் தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவு இருக்கிறது, மிரட்டினால் 506, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 2023இல் வந்த 507ஏ. சிக்கல், ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் 377ஏ, 377பி பிரிவுகளில். அந்தப் பையன் போன்றவர்களுக்கு அது 20 வருஷம் வரை சிறை. ஆகவே அவனைப் போன்றவர்களை நேராகப் பலாய்க்கு, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு, இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் வக்கீல், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்கலாம். ரிப்போர்ட்டில் பொய் எழுதக் கூடாது. எதுவரை சொல்ல வேண்டும் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொண்டு போகட்டும்.

காயம் இருந்தால் என் கணக்கில் ஆஸ்பத்திரிதான் முதலில். அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓஎஸ்சிசி (ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்) என்று ஒன்று இருக்கிறது, இந்த மாதிரி வருகிறவர்களுக்காகவே. கவுண்டரில் அந்தப் பெயரையே சொல்லுங்கள். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று சொன்னால் கார்டில் அதுதான் ஏறும், ஆறு மாசம் கழித்துக் கோர்ட்டில் அதுதான் பேசும். யார், எதால், எப்போது என்று டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். திருநங்கை என்றால் நீங்கள் முன்னால் போய், ஐசி பெயரைக் கத்தாமல் நம்பர் சொல்லிக் கூப்பிடச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே ரத்தத்தோடு வீட்டுக்குத் திரும்பிப் போனவளைப் பார்த்திருக்கிறேன்.

ஜிப்பா அண்ணன் முதல் தடவை தனியாகத்தான் பலாய்க்குப் போனார். "பினி பூக்குல்கா?" (பொண்டாட்டி அடிச்சாளா?) என்று கவுண்டரில் சிரித்தார்களாம், எழுந்து வந்துவிட்டார். இரண்டாம் தடவை ஆஸ்பத்திரி கடிதத்தோடு நானும் போனேன். சிரிப்பு இல்லை. ரிப்போர்ட் காப்பி, விசாரணை அதிகாரியின் பெயர், போன் நம்பர் மூன்றையும் வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போகவே முடியாது என்றால், அந்த 1994 சட்டத்தில் வருகிறவர்களுக்கு சமூகநல அதிகாரி அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். 7 நாள் நிற்கும், போலீஸ் ரிப்போர்ட் இல்லாமலே கிடைக்கும். விசாரணை தொடங்கினால் கோர்ட்டில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999, ராப்பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பெண்களுக்கு உதவும் அமைப்புகள், பினாங்கில் டபிள்யூசிசி 04-228 0342, கோலாலம்பூர் பக்கம் டபிள்யூஏஓ 03-3000 8858. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 999.

போனை எப்போதும் நம்பாதீர்கள், அடிக்கிற ஆள் எடுத்துப் பார்ப்பான். என் வாடிக்கைக்காரிகளோடு ஒரு பேச்சு வைத்திருக்கிறேன். "ஊக்கு மாத்தணும்கா" என்றால் நான் போன் போட்டு வெளியே கூப்பிட வேண்டும். "ப்ளவுஸ் அவசரம்" என்றால் போலீஸைக் கூப்பிட வேண்டும்.

அவசரமாகக் கிளம்ப எடுத்து வைக்கும் பையும் அப்படித்தான். ஐசி காப்பி, பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், மாத்திரை, சாவி, ஐம்பது ரிங்கிட். இதை வீட்டில் வைத்தால் மாட்டும். என் கடையில் தைத்து முடித்த துணிப் பைகளோடு சீட்டு குத்தித் தொங்கும்; இப்போது அப்படி மூன்று இருக்கிறது. போன மாசம் ஒருவன் வந்து நடுப் பையைத் தொட்டு, "இது என் ஒய்ஃபோடதுதானே, கொடுங்க" என்றான். பில்லைப் புரட்டுகிற மாதிரி புரட்டிவிட்டு, "இன்னும் ஊக்கு வைக்கல தம்பி, அடுத்த வாரம் அவங்களையே வரச் சொல்லுங்க" என்றேன்.