பால் பத்தலன்னு பயப்படுற அம்மாங்களுக்கு: தாய்ப்பால் ஊற என்ன செய்யணும்

பிள்ளைய பெத்து வீட்டுக்கு வந்த உடனே பாக்க வர்றவங்க எல்லாரும் கேக்குற மொத கேள்வி "பால் வருதா?", கேட்ட கையோட "பிள்ள அழுதுகிட்டே இருக்கே, பால் பத்தல போல, ஒரு டின் பால் மாவு வாங்கி வைங்க"ன்னு ஒரு யோசனையும் சொல்லிட்டு போயிருவாங்க. அதுக்கு அப்புறம் ராத்திரி ஒரு மணிக்கு நீங்க தனியா உக்காந்து அழுவீங்க. அதனால மொதல்ல நிஜமாவே பால் கம்மியான்னு பாத்துக்கலாம், ஏன்னா பத்தலன்னு நெனச்சு பயப்படுற நெறைய பேருக்கு பால் சரியாத்தான் இருக்கு.

மார கையால தொட்டு பாத்து முடிவு பண்ணாதீங்க. ஒரு மாசம் ஒன்றர மாசத்துக்கு அப்புறம் மாரு மெத்துன்னு ஆயிரும், ஒழுகுறது நின்னுரும், அது உடம்பு கணக்கு புடிச்சிருச்சுன்னு அர்த்தம், பால் வத்திருச்சுன்னு இல்ல. பம்ப் பண்ணா ஒரு அவுன்ஸ்தான் வருதுன்னு சொல்றதும் கணக்குல வராது, பிள்ள உறிஞ்சுற மாதிரி எந்த மெஷினும் உறிஞ்சாது. பாக்க வேண்டியது பெம்பர்ஸும் எடையும்தான். அஞ்சாம் நாளுக்கு மேல ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்கு போகணும், மலம் கறுப்பு மாறி மஞ்சளா வரணும், மொத சில நாள் எடை கொஞ்சம் குறையிறது சகஜம், ரெண்டு வாரத்துக்குள்ள பொறந்த எடைக்கு திரும்பி வந்துரணும். இதெல்லாம் சரியா இருந்தா சாயங்காலம் பிள்ள விடாம மார கேட்டு அழுதாலும் பயப்படாதீங்க, நெறைய பிள்ளைங்க சாயங்காலத்துல அப்பிடித்தான் விட்டு விட்டு குடிக்கும், ரெண்டு மூணு வாரத்துலயும் ஆறாவது வாரத்துலயும் திடீர்னு பசி கூடும், அப்ப குடிக்க விட்டாலே ரெண்டு மூணு நாள்ல பால் தானா ஏறிரும்.

இப்ப பால் எப்பிடி ஊறுதுன்னு புரிஞ்சிக்கிட்டா பாதி வேல முடிஞ்சிரும். கெணத்துல எறைக்க எறைக்கத்தான் ஊறும் இல்லயா, அது மாதிரிதான். மாரு காலியானா உடம்பு இன்னும் பால் செய்யும், நெறஞ்சே கெடந்தா போதும்னு குறைச்சிக்கும். அதனால பச்சப் பிள்ளைக்கு 24 மணி நேரத்துல 8லேருந்து 12 தடவ வரைக்கும் குடுக்கணும், கடிகாரத்த பாத்து இல்ல, பிள்ள கைய சூப்புது, வாய தொறந்து தேடுதுன்னா உடனே குடுங்க, அழுற வரைக்கும் காத்திருக்க வேணாம். பிள்ள மூணு மணி நேரத்துக்கு மேல தூங்குனா மொத வாரங்கள்ல எழுப்பி குடுங்க, அதுவும் மஞ்சக்காமால இருக்குற பிள்ள சோந்து போய் தூங்கிக்கிட்டே இருக்கும், அத நல்ல பிள்ளன்னு விட்டுராதீங்க.

ராத்திரி பால் குடுக்கறத மட்டும் யாருக்காகவும் விட்டுக்குடுக்காதீங்க. பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின்ங்கற ஹார்மோன் ராத்திரிதான் கூட இருக்கும். "நீ தூங்கு, நான் பாட்டில் குடுக்குறேன்"னு மாமியார் பாசத்துலதான் சொல்லுவாங்க, ஆனா அந்த பாட்டிலுக்கு பதிலா நீங்க பம்ப் பண்ணலன்னா மறுநாள் பால் கொறையும்.

அடுத்தது பிள்ள மார புடிக்கிற விதம், லாட்ச். காம்ப மட்டும் புடிச்சா உங்களுக்கு உயிர் போற வலி, பிள்ளைக்கு பால் வராது, மாரும் காலியாகாது. வாய் நல்லா அகலமா தொறந்து காம்ப சுத்தி இருக்குற கறுப்பு பகுதியும் உள்ள போகணும், கீழ் உதடு வெளிய மடங்கி இருக்கணும், முழுங்குற சத்தம் கேக்கணும். வலிச்சா சுண்டு விரல வாய் ஓரத்துல விட்டு எடுத்துட்டு மறுபடி வைங்க. குடிக்கிறது மெதுவானா மார லேசா அமுக்கி குடுங்க, அப்புறம் அடுத்த பக்கம் மாத்துங்க. சட்டைய கழட்டிட்டு பிள்ளைய நெஞ்சோட நெஞ்சா போட்டு படுத்துக்கங்க, பால் எறங்குறதுக்கு அது நல்லா உதவும். இது சரியா வரலன்னா கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) மிஸ்ஸிகிட்ட, அதாவது நர்ஸ்கிட்ட கேளுங்க, வீட்டுக்கு பாக்க வரும்போது அவங்க முன்னாடியே பால் குடுத்து காட்டுங்க, வெக்கப்படாதீங்க.

இன்னும் ஏத்தணும்னா பவர் பம்பிங் செய்யலாம்: 20 நிமிஷம் பம்ப், 10 நிமிஷம் ரெஸ்ட், 10 பம்ப், 10 ரெஸ்ட், 10 பம்ப், மொத்தம் ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு ஒரு தடவ. பலன் தெரிய சில நாள் ஆகும், மொத நாளே விட்டுராதீங்க. பம்ப்புல மார்மேல வைக்கிற ஃபனலோட சைஸ் காம்புக்கு ஏத்த மாதிரி இருக்கான்னும் பாருங்க, தப்பான சைஸ்னால பால் வராதவங்க நெறைய பேரு.

சாப்பாட்டுக்கு வருவோம். பூண்டுக் குழம்பு, முருங்கக்கீர, வெந்தயம் எல்லாம் நல்லதுதான், பிள்ள பெத்தவ உடம்புக்கு சத்து வேணும், சாப்பிடுங்க, ஆனா மார காலி பண்ணாம குழம்ப மட்டும் நம்புனா பால் ஏறாது. வெந்தயத்த மாத்திர மாத்திரயா போடாதீங்க, சக்கரைய எறக்கும், சக்கரைக்கோ ரத்தம் உறையாம இருக்கறதுக்கோ மருந்து சாப்புடுறவங்க டாக்டர கேக்காம தொடக்கூடாது. பால் சுறா புட்டு நம்ம வீடுகள்ல கட்டாயம், ஆனா சுறாவுல பாதரசம் ஜாஸ்தி, அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பால் குடுக்குற அம்மாங்க தவிர்க்கணும்னு சொல்ற மீன்கள்ல சுறாவும் ஒண்ணு. அதனால சௌ கிட் பாசார் போறவங்ககிட்ட கெம்போங் மீனும் (கானாங்கெளுத்தி) நெத்திலியும் வாங்கிட்டு வர சொல்லுங்க. அப்புறம் இந்த "தண்ணி குடிக்காத, வயிறு தொங்கிரும்"ங்கற பேச்சு, கோலாலம்பூர் வெயில்ல இது ரொம்ப தப்பு, தாகம் எடுத்தா தாராளமா குடிங்க. அளவுக்கு மீறி குடிச்சா பால் கூடாது, ஆனா நாக்கு வறண்டு கெடக்க வேணாம்.

வேலைக்கு போறவங்களுக்கு: 2023 ஜனவரியிலேருந்து தீபகற்ப மலேசியாவுல தனியார் வேலையில பிரசவ லீவு 98 நாள், அது முடியறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பம்ப் பழகுங்க. ஆபிஸ்ல மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ எடுங்க. பால் ஏர்கோன் ரூம்ல நாலு மணி நேரம், பிரிட்ஜ்ல நாலு நாள், ஃப்ரீசர்ல ஆறு மாசம் வரைக்கும் நல்லாருக்கும். எல்ஆர்டி ரயில் ஏறி நின்னு வீட்டுக்கு போற நேரத்துக்கு ஐஸ் பேக் போட்ட கூலர் பேக் கட்டாயம் வேணும், உருக்குன பால மறுபடி ஃப்ரீஸ் பண்ணாதீங்க.

இவ்ளோ செஞ்சும் ஏறலன்னா அது உங்க தப்பு இல்ல, காரணம் வேற இருக்கலாம். நஞ்சுக்கொடி துண்டு உள்ள தங்கிட்டா, பிரசவத்துல ரத்தம் ரொம்ப போயிருந்தா, தைராய்டு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி பிரச்சன), மார்ல முன்ன ஆபரேஷன் செஞ்சிருந்தா பால் கொறையலாம், பிள்ளைக்கு நாக்கு ஒட்டியிருந்தாலும் லாட்ச் வராது. டாக்டர பாருங்க. பால் ஊற வைக்கிற மாத்திரைய தோழி சொன்னாங்கன்னு நீங்களா வாங்கி போடாதீங்க, டொம்பெரிடோன் இதயத் துடிப்ப பாதிக்கலாம். ஒண்ணுக்கு கொறஞ்சா, பிள்ள எழுப்பியும் எழும்பலன்னா, எடை ஏறலன்னா அன்னிக்கே கிளினிக் போங்க. எடுத்து வச்ச பாலோ பால் மாவோ கொஞ்ச நாளைக்கு சேத்து குடுக்க சொன்னா குடுங்க, பிள்ள வயிறு நெறையணும், அதே நேரத்துல பம்ப் பண்றத மட்டும் நிறுத்திராதீங்க. மாரு செவந்து கட்டியா காய்ச்சலும் வந்தா கூட அந்த பக்கம் பால் குடுக்கறத நிறுத்த வேணாம், டாக்டர பாத்துட்டு தொடர்ந்து குடுங்க.