தலைவர்கள் நினைவு நாணயம்: வாங்கும்போதும் விற்கும்போதும் செய்யக்கூடாத தவறுகள்

இந்திரா காந்தி உருவம் பொறித்த 5 ரூபாய் நாணயம் வீட்டில் இருந்தால் லட்சக்கணக்கில் பணம் கிடைக்கும் என்று சொல்லும் வீடியோக்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்த நாணயம் 1985-இல் மக்கள் புழக்கத்துக்காகவே அடிக்கப்பட்டது. பழைய நாணயம் விற்கும் கடைகளில் இன்றைக்கும் அது சர்வசாதாரணம். லட்சம் கொடுத்து வாங்க யாரும் காத்திருக்கவில்லை.

காத்திருப்பவர்கள் வேறு ஆட்கள். முதலில் படம் அனுப்பச் சொல்வார்கள். உங்கள் நாணயம் தேர்வாகிவிட்டது என்று போன் வரும். அப்புறம் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட கடிதம்கூட வாட்ஸ்அப்பில் வரும். இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலில் நாங்கள் ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டு எச்சரித்தது. பொருளை விற்கப் போகிற உங்களிடமே ஒருவர் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். ஓய்வூதியப் பணத்தை இப்படி இழக்கும் பெரியவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்தது, வருடத்தைத் தப்பாகப் படிப்பது. காந்தி நாணயத்தில் 1869–1948 என்று இருக்கும். உடனே ‘இது 1948-இல் வந்த நாணயம்’ என்று விலை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அது காந்தியின் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும். நாணயம் வந்தது 1969-இல், அவருடைய நூற்றாண்டுக்காக. 20 பைசா, 50 பைசா, 1 ரூபாய், வெள்ளியில் 10 ரூபாய் என நான்கு மதிப்புகளில் அடித்தார்கள். இந்திரா நாணயத்தில் உள்ள 1917–1984 என்பதும் அப்படித்தான். சுதந்திர இந்தியாவில் ஒரு தலைவருக்கு முதன்முதலில் நினைவு நாணயம் வந்ததே 1964-இல், நேரு மறைந்த பிறகுதான். அதற்கு முந்தைய தேதி சொல்லி யாராவது தலைவர் நாணயம் விற்க வந்தால் சந்தேகப்படுங்கள்.

வருடத்துக்குக் கீழே ஒரு சின்னக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். வைர வடிவம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா நாணயச் சாலை. ஒரே நாணயத்துக்கு இரண்டு விலை சொல்வதற்குப் பல நேரங்களில் இந்தக் குறியே காரணம். லென்ஸ் வைத்துப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது தேய்த்துக் கழுவுவதுதான். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். குத்துவிளக்கைப் புளி போட்டு, விபூதி போட்டுத் தேய்த்துப் பழகிய கை, நாணயம் மங்கலாகத் தெரிந்தால் சும்மா இருக்காது. 1969-இன் 10 ரூபாய் நாணயத்தில் 80 சதவீதம்தான் வெள்ளி. காலப்போக்கில் அதன் மேல் சாம்பலும் நீலமுமாக ஒரு மெல்லிய படலம் படியும். சேகரிப்பாளர்கள் அதை விரும்பித் தேடி வாங்குகிறார்கள். அச்சில் அடிபட்டபோது உண்டான நுண்ணிய வரிகளும் மேற்பரப்பில் இருக்கும். நாணயத்தைச் சாய்த்தால் ஒளி அவற்றின் மேல் சுழன்று வரும். விபூதியும் பற்பசையும் அந்த வரிகளைத் தேய்த்து எடுத்துவிடும், புளியின் அமிலம் படலத்தை அரித்துவிடும். பளபளப்பு வரும், ஆனால் செத்த பளபளப்பு. அனுபவமுள்ள வியாபாரி ஒரு நொடியில் கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார். எந்த வித்தையாலும் அந்தப் பழைய மேற்பரப்பைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அழுக்கு இருந்தாலும் இருக்கட்டும், விட்டுவிடுங்கள். விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள். பிவிசி கலந்த மலிவான ஆல்பத்தில் வைத்தால் சில வருடங்களில் பச்சைப் பிசுக்கு ஏறும். நாணயத்தை மூடி வைக்கும் பிளாஸ்டிக் காப்ஸ்யூலோ அட்டை ஹோல்டரோ போதும், பெரிய செலவில்லை.

100 ரூபாய் நாணயங்களுக்கு வருவோம். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு வந்தது, 2018-இல் வாஜ்பாய்க்கு வந்தது, 2023-இல் என்.டி.ஆருக்கு வந்தது எல்லாமே இந்த வகை. ‘நூறு ரூபாய் நாணயத்துக்கு இத்தனை ஆயிரமா’ என்று கோபப்படுவதும் தவறு, ‘சுத்த வெள்ளி’ என்று நம்பி வாங்குவதும் தவறு. இவை வங்கிக் கவுண்டரில் மாற்றித் தரும் நாணயங்கள் அல்ல. அரசு நாணயச் சாலை முன்பதிவு வைத்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்பவை. வாஜ்பாய் நாணயத்தின் எடை 35 கிராம். அதில் வெள்ளி பாதிதான், அதாவது 17.5 கிராம். மீதி தாமிரம், நிக்கல், துத்தநாகம். அதே சமயம் 2024-இல் ரிசர்வ் வங்கியின் 90-ஆம் ஆண்டுக்காக வந்த 90 ரூபாய் நாணயம் சுத்த வெள்ளி. ஆக, ஒன்றை வைத்து இன்னொன்றை எடை போடாதீர்கள். ஒவ்வொரு நாணயத்துக்கும் உலோகக் கலவை, எடை, விட்டம் எல்லாம் அரசிதழில் வெளியாகும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பதிவு நடக்கும் நாட்களைக் கவனித்து நாணயச் சாலையின் இணையதளத்திலேயே வாங்குவது நல்லது. தவறவிட்டால் வெளிச்சந்தையில் கேட்கிற விலைதான்.

தலைவர் படம் போட்ட வெள்ளிப் பதக்கத்தை நாணயம் என்று நினைத்து வாங்குவதும் நடக்கிறது. அசோகர் சிங்கமுகம், பாரத், இந்தியா, ரூபாய் மதிப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மதிப்பு எண் இல்லையென்றால் அது பதக்கம், அவ்வளவுதான்.

போலிகளைப் பிடிக்க வீட்டிலேயே சில வழிகள் உண்டு. 1964-இன் நேரு, 1969-இன் காந்தி ஒரு ரூபாய் நாணயங்கள் நிக்கலில் செய்தவை, காந்தத்தில் ஒட்டும். காந்தி 10 ரூபாய் ஒட்டக்கூடாது, எடை 15 கிராம் காட்ட வேண்டும். இன்னொன்று, ₹ என்ற ரூபாய்க் குறியீட்டை அரசு ஏற்றதே 2010-இல். பேரறிஞர் அண்ணா நூற்றாண்டுக்கு 2009-இல் வந்த 5 ரூபாய் நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கும், அந்தக் குறியீடு இருக்காது. அதற்கும் முந்தைய காமராஜர் நாணயத்திலும் இருக்க வழியில்லை.

நாணயத்தில் வளையம் பற்றவைத்து டாலராகப் போடுகிறார்கள். அதோடு சேகரிப்பு மதிப்பு போய்விடும். உருக்குவது சட்டப்படி குற்றமே. 2015-இல் வந்த அம்பேத்கர் 10 ரூபாய் நாணயத்தைச் செல்லாது என்று கடைக்காரர் மறுத்தால், 14 வடிவங்களில் உள்ள 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொன்னதை எடுத்துக் காட்டுங்கள். காந்தி 20 பைசா மட்டும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாக் காசாகிவிட்டது. 50 பைசா நாணயங்கள் இன்றும் செல்லும்.

நாணயச் சாலையிலிருந்து வாங்கியதென்றால் அதனுடன் வந்த அட்டையையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள். நல்ல சேகரிப்புகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் அந்த நோட்டு இல்லாததால்தான்.