டெல்ஃப் பி2: பரீட்சகருக்குத் தலையாட்ட வேண்டாம்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறேன். உயர்தரம் முடித்துப் பிரான்ஸ் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள்தான் கூடுதலாக வருவார்கள். அங்கே பல துறைகள் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிப் பரீட்சையில் பி2 மட்டம் கேட்கும். போன கிழமை மாதிரி வாய்மொழிப் பரீட்சையில் ஒரு பிள்ளை விட்ட பிழையைப் பார்த்ததும் நெஞ்சு பொறுக்கவில்லை. அதே பிழையை நானும் விட்டிருக்கிறேன். வினைச்சொற்களைப் பாடமாக்குங்கள், நேரத்துக்குப் போங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளைகள் விடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

பரீட்சகர் மறுத்ததும் ஒப்புக்கொள்வது

வாய்மொழியில் இரண்டு தலைப்பு எடுத்து ஒன்றைத் தெரிவு செய்வீர்கள். ஆயத்தத்துக்கு 30 நிமிடம். பிறகு சுமார் 20 நிமிடம்: முதலில் உங்கள் நிலைப்பாட்டைத் தனியே சொல்ல வேண்டும், அப்புறம் பரீட்சகரோடு விவாதம். விவாதத்துக்குத்தான் நேரம் அதிகம்.

அந்தப் பிள்ளைக்கு வந்தது, பாடசாலையில் கைபேசியைத் தடை செய்யலாமா என்ற தலைப்பு. தடை வேண்டும் என்று அழகாகக் கதைத்தாள். "அவசரத்துக்கு அம்மாவை எப்படிக் கூப்பிடுவது?" என்று நான் மடக்கினேன். உடனே "வூஸாவே ரெஸோன்" என்றாள். நீங்கள் சொல்வது சரி என்று அர்த்தம். அதோடு வாய் மூடிவிட்டது. இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்களை எதிர்த்துக் கதைக்காதே என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். கொழும்பில் நான் பரீட்சை எழுதியபோது பரீட்சகர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அந்தப் பகுதிக்கு 25க்கு 9. சித்தியடைய மொத்தம் 100க்கு 50 வேண்டும், எனக்கு 48. திரும்பக் காசு கட்டி எழுதினேன். ஒரு வருடம் போய்விட்டது. இப்போதும் நினைத்தால் எரிச்சல்தான்.

அவர் மறுப்பது உங்கள் மேல் கோபத்தில் அல்ல. உங்கள் கருத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கத் தெரியுமா என்று பார்ப்பது அவர் வேலை. மரியாதை குறையாமல் மறுக்கப் பிரெஞ்சிலேயே வழி இருக்கிறது. "செர்த்" என்று தொடங்கி அவர் சொன்னதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள், "மே" என்று திருப்புங்கள். அவசரம் வரலாம், உண்மைதான். ஆனால் அதிபர் அலுவலகத்தில் தொலைபேசி இருக்கிறதே! அவ்வளவு சொன்னாலே விவாதம் நகரும். என்ன சொன்னாலும் எதிர்த்துக் கதைக்கும் ஒரு கூட்டாளியைப் பிடித்து, தினமும் பத்து நிமிடம் பழகுங்கள்.

முழுவதையும் எழுதி வாசிப்பது

வாய்மொழிக்கு ஆயத்தமாகும்போது பத்துப் பன்னிரண்டு குறிப்புச் சொல் போதும்.

லா சப்பல் பிரெஞ்சு

லா சப்பல், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த இடம். பாரிஸில் இருக்கும் மாமாவோடு வாட்ஸ்அப்பில் கதைத்துப் பழகிய பிள்ளைகள் எதிர்மறையில் வரும் "ந"வை விழுங்கிவிடுவார்கள். பேச்சில் அது இயல்பு. எழுத்துப் பகுதியில் நகர முதல்வருக்குக் கடிதம் எழுதும்போது "ந", "பா" இரண்டும் வேண்டும். அவரை "து" (நீ) என்று அழைக்கவும் கூடாது, "வூ" (நீங்கள்) தான்.

சொற்களைப் பிழையாக எண்ணுவது

எழுத்துப் பகுதிக்குக் குறைந்தது 250 சொல். இடைவெளிக்கு இடைவெளி ஒரு சொல். ஆகவே "செதாதிர்" (c'est-à-dire, அதாவது) நான்கு அல்ல, ஒன்று.

ஒரு பகுதியைக் கைவிடுவது

ஒவ்வொரு பகுதியிலும் 25க்கு 5 ஆவது வேண்டும். ஒன்றில் அதற்குக் கீழே போனால் மொத்தம் 70 வந்தாலும் சித்தி இல்லை.

டி.சி.எஃப் கனடா

டி.சி.எஃப் இன்னொரு பிரெஞ்சுப் பரீட்சை. அதில் "கனடா" என்று வருவது கனடா குடிவரவுக்கு. பெயரைப் பார்த்துப் பதியுங்கள்.

பழைய சான்றிதழ்

டி.சி.எஃப் 2 வருடம் மட்டும் செல்லும். டெல்ஃபுக்குக் காலாவதி இல்லை.