பெல்லோஸ் இல்லாமல் ஒரு 4×5 கேமரா

லார்ஜ் ஃபார்மட் கேமராவின், அதாவது 4×5 அங்குலம் போன்ற பெரிய ஃபிலிம் தாள் போடும் கேமராவின், எடை குறைய வேண்டுமானால் முதலில் பெல்லோஸை (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மடிந்து விரியும் துருத்தியை) விட்டுவிடுங்கள். அதைத் தாங்கும் தண்டவாளம், பற்சக்கரம், பூட்டுத் திருகுகள் எல்லாம் கூடவே போய்விடும். மிஞ்சுவது ஒரு பெட்டி. நிலக்காட்சி எடுப்பவருக்கு அது போதும். லென்ஸைச் சாய்த்தும் உயர்த்தியும் கட்டடம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு இது பயன்படாது.

லென்ஸ்: ஷ்னைடர் ஆங்குலான் 90 மி.மீ., எஃப்/6.8 (எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும்; எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்). சூப்பர் ஆங்குலான் நல்ல லென்ஸ்தான், ஆனால் கனம். பழைய ஆங்குலான் எஃப்/22-இல்தான் 4×5-இன் மூலைகளை ஓரளவு எட்டும். நாம் எடுக்கப்போவதும் அதில்தான். எஃப்/22-இல் 3.7 மீட்டருக்கு ஃபோகஸ் வைத்துவிட்டால் ஏறத்தாழ இரண்டு மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். ஆகவே ஃபோகஸ் திருகும் தேவையில்லை.

பெட்டி: 4 மி.மீ. ப்ளைவுட், ஃபெவிகால். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு சட்டங்கள். முன்சட்டத்தில் லென்ஸ், பின்சட்டத்தில் ஃபிலிம் ஹோல்டர் (ஃபிலிம் தாளை வெளிச்சம் படாமல் வைத்திருக்கும் தட்டையான உறை). உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட். முப்பரிமாண அச்சில் செய்யலாமே என்பார்கள். அந்த அச்சுக்குப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினால் இளகிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை வைக்க எனக்குத் துணிவில்லை. லென்ஸ் துளையை ஷட்டரின் கழுத்தை அளந்தே போடுங்கள். 34.6 மி.மீ. என்பது கோப்பல் 0 ஷட்டருக்கான அளவு. பழைய காம்பர் ஷட்டர்களில் மாறும்.

இனி பின்பக்கம். நிதானம் முழுவதையும் இங்கே செலவழியுங்கள். ஃபோகஸ் பார்க்கக் காட்சி விழும் தேய்த்த கண்ணாடியின் சொரசொரப்பான முகம் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும்; ஃபிலிம் எந்தத் தளத்தில் நிற்குமோ அதே தளத்தில் அதுவும் நிற்க வேண்டும். ஹோல்டரில் வீணான ஃபிலிம் ஒன்றைச் செருகி, ஃபிலிமை மறைக்கும் மூடுதகட்டை உருவிவிட்டு, இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். வெர்னியர் காலிப்பரின் வால்கம்பியை ஃபிலிமைத் தொடும்வரை இறக்கி, ஸ்கேலின் தடிமனைக் கழித்துவிடுங்கள். 4.8 மி.மீ.யை ஒட்டி வரும். நடுவிலும் நான்கு மூலைகளிலும் பாருங்கள். ஃபிலிமை அழுத்தினால் அளவு பொய்யாகிவிடும். ஹோல்டர் உட்காரும் தளத்திலிருந்து அதே அளவு பின்னுக்குக் கண்ணாடி நிற்கும்படி சட்டத்துக்குள் பட்டைகள் ஒட்டுங்கள். எஃப்/22 சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கண்ணாடியைப் பார்த்துக் குவிப்பது எஃப்/6.8-இல், இங்கே ஒரு மி.மீ. தவறினால் தொலைவிலுள்ள எல்லாமே மங்கும்.

கண்ணாடியை நீங்களே தேய்க்கலாம். 2 மி.மீ. கண்ணாடி, 400 நம்பர் சிலிக்கான் கார்பைடு தூள், கொஞ்சம் தண்ணீர். மேலே இன்னொரு கண்ணாடித் துண்டை வைத்து வட்டமாகத் தேய்த்து, 600-இல் முடியுங்கள்.

ஃபோகஸ் வைக்க, லென்ஸை முழுதாகத் திறந்து, சில நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் கோபுரத்தைப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் கண்ணாடியின் நடுப்பகுதியைப் பார்த்தபடி முன்சட்டத்தை நகர்த்தி, கம்பிகள் கூர்மையாகும் இடத்தில் பென்சில் கோடு போடுங்கள். முன்பு சொன்ன 3.7 மீட்டர் ஃபோகஸுக்காக அங்கிருந்து 2.25 மி.மீ. வெளியே இழுத்துத் திருகால் முடுக்கிவிடுங்கள்.

வியூஃபைண்டர்: ஃபிலிம் அளவுக்கு வளைத்த கம்பிச் சட்டம், 90 மி.மீ. பின்னால் ஒரு கண்துளை. வேறெதுவும் வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை: ஃபிலிமின் ஒரு முனையில் மட்டும் புகைபோல் மூட்டம் விழுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஹோல்டரின் ஒரு முனையில் மெல்லிய வரம்பு ஒன்று புடைத்திருக்கும். அது போய் உட்கார உங்கள் பின்சட்டத்தில் பள்ளம் வெட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஹோல்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். வெளிச்சம் அந்த வழியாகத்தான் நுழைகிறது.

இன்னொன்று: ஃபிலிம் விலை கட்டுப்படியாகாதவர்கள் 8×10 அங்குல எக்ஸ்ரே ஃபிலிமைச் சிவப்பு விளக்கில் நான்காக வெட்டிக்கொள்ளலாம். பெரும்பாலானவற்றில் இருபுறமும் பூச்சு இருக்கும், ஈரத்தில் எளிதில் கீறல் விழும். டெவலப் செய்யும் டிரேயில் ஒரு சமயத்தில் ஒன்று மட்டும் போடுங்கள்.