சேலை செக்ஷன்ல புதுசா வேலைக்கு சேர்ற பொண்ணுங்களுக்கு

நான் தி.நகர்ல ஒரு பெரிய ஜவுளிக்கடைல சேலை செக்ஷன்ல ஆறு வருஷம் நின்னவ. இப்ப எங்க ஊர்ல இருந்து ரெண்டு மூணு பொண்ணுங்க இதே வேலைக்கு கெளம்புதுங்க, அக்கா என்னெல்லாம் தெரிஞ்சுக்கணும்னு கேட்டாங்க, போன்ல சொல்ல ஆரம்பிச்சா நீண்டுக்கிட்டே போகுது, அதான் எழுதிட்டேன். கடைல யாரும் உக்கார வச்சு சொல்லித்தர மாட்டாங்க, ஒரு சீனியர் பக்கத்துல நிறுத்தி மடிக்கச் சொல்வாங்க, அவ்ளோதான் ட்ரெயினிங்.

மடிக்கிறத சாதாரணமா நெனைக்காதீங்க, பாதி வேலையே அதுதான். சேலை அஞ்சரை மீட்டர், பிளவுஸ் பிட் சேத்தா ஆறு மீட்டருக்கு மேல வரும், அத ஒரு நாளைக்கு நூறு தடவ விரிச்சு மடிச்சா தோள்பட்டை கழண்டுரும். பட்டா இருந்தா பழைய மடிப்புத் தடத்துலயே மடிங்க, புதுத் தடம் விழுந்தா அந்த பீஸ அடுத்த கஸ்டமர் தொடவே மாட்டாங்க. ஆனா வாங்கிட்டுப் போறவங்க கிட்ட நேர்மாறா சொல்லணும், வீட்ல அப்பப்ப மடிப்ப மாத்தி வைங்கக்கா, ஒரே மடிப்புல வருஷக்கணக்கா கெடந்தா ஜரிகை அந்த எடத்துல விட்டுப்போயிரும்னு. இத சொன்னதுக்காகவே அடுத்த தடவ என்னைத் தேடி வந்தவங்க உண்டு.

ஆள் வந்ததும் "என்ன ரேஞ்ச்ல பாக்குறீங்க"ன்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. எனக்கு அது பிடிக்காது, கையில எவ்ளோ இருக்குன்னு வாசல்லயே கேட்ட மாதிரி இருக்கு. "வாங்கக்கா, யாருக்குப் பாக்குறீங்க, என்ன விசேஷம்?" இப்படி கேளுங்க. பதில்லயே முக்கால்வாசி தெரிஞ்சுரும். முகூர்த்தம்னா கருப்ப கிட்டயே கொண்டு போகாதீங்க, அதே சில வீட்டு வழக்கத்துல வளைகாப்புக்கு கருப்பு சேலைதான் வேணும்பாங்க. வச்சுக் குடுக்கன்னு சொன்னா அதுக்கு வேற அடுக்கு, எடுத்தவுடனே முகூர்த்தப் பட்ட விரிச்சா அவங்களுக்கும் சங்கடம் நமக்கும் மடிக்கிற வேலை. ரேஞ்ச அவங்களே ரெண்டாவது சேலைல சொல்லிருவாங்க.

கல்யாண ஜவுளி எடுக்க வர்ற கும்பல்ல யாரு முடிவு பண்றவங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான் இருக்கறதுலயே கஷ்டம், சத்தமா பேசுறவங்க பெரும்பாலும் அவங்களா இருக்க மாட்டாங்க. ஒரு தடவ பத்து பேர் வந்திருந்தாங்க, மாப்ள வீடு பொண்ணு வீடு ரெண்டும், முப்பது சேலை விரிச்சாச்சு, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அந்தப் பொண்ணு மட்டும் எதக் காட்டுனாலும் "நல்லாருக்கு, நல்லாருக்கு"ங்குது. நான் அது மொகத்த விட்டுட்டு கையப் பாத்தேன். ஒரு மாம்பழக் கலர் சேலை, அரக்கு பார்டர், அதோட முந்தி ஓரத்த விரல்ல உருட்டிக்கிட்டே இருந்துச்சு, அதுக்கப்புறம் நாலு சேலை வந்தும் கை அத விடல. மத்ததெல்லாம் மெதுவா ஒதுக்கிட்டு அந்த ஒண்ண தோள்ல போட்டு கண்ணாடி முன்னாடி நிறுத்தி, மாப்ளையோட அம்மா கிட்ட "நீங்க பாத்து சொல்லுங்கம்மா"ன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பாத்துட்டு "இதையே போடுங்க"ன்னாங்க. பொண்ணு என்னையப் பாத்து சிரிச்ச சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்புறம் லைட். கடை வெளிச்சத்துல கலர் ஏமாத்தும். சேந்த புதுசுல ஒரு அம்மாவுக்கு அரக்குன்னு சொல்லி வித்தேன், வீட்ல போய் பகல்ல பாத்தா வேற கலரா இருந்திருக்கு, மறுநாளே வந்து நாலு பேர் முன்னாடி என்னைய பொய் சொன்னவன்னு திட்டிட்டாங்க, நானும் அரக்குன்னு நம்பித்தான் குடுத்தேன். அதுல இருந்து விலை கூடுன சேலைன்னா சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டு வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போய் வெயில்ல காட்டிருவேன், நீங்களும் செய்ங்க.

இன்சென்டிவ்க்காக செமி சில்க்க, அதாவது பாக்க பட்டு மாதிரி இருந்தாலும் சுத்தப் பட்டு இல்லாதத, பட்டுன்னு சொல்லி தள்ளி விடாதீங்க, கைகூப்பி கேக்குறேன். சேத்து வச்ச காசுல ஒரு பட்டு எடுக்க வர்றவங்க நம்ம வாய் வார்த்தைய நம்பித்தான் எடுக்குறாங்க. சுத்தப் பட்டுல சில்க் மார்க் லேபிள், அதான் இது சுத்தப் பட்டுன்னு சொல்ற அடையாளம், இருந்தா காட்டுங்க. காஞ்சிபுரம் கோர்வைன்னா, அதாவது பார்டரையும் உடலையும் தனித்தனி நூல்ல நெய்து கோர்த்ததுன்னா, உள்பக்கம் திருப்பி பார்டரும் உடலும் சேர்ற எடத்த தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, கோர்த்த எடம் கைக்குத் தெரியும்.

சண்டைக்கு வர்றவங்களுக்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிஞ்சு. பதில் பேசாம மொதல்ல சேலைய வாங்கி கவுண்டர் மேல விரிங்க, "எங்கக்கா, காட்டுங்க"ன்னு கேளுங்க, ரெண்டு பேரும் சேலைய பாக்க ஆரம்பிச்சா சத்தம் தானா கொறையும். "எடுத்துக்க மாட்டோம்"னு நீங்களா சொல்லிராதீங்க. பில்லுல விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதுன்னு அச்சடிச்சிருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருள திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது, பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாள். கலர் பிடிக்கலங்கிறது வேற, அது கடை முடிவு. சூப்பர்வைசர கூப்புடுங்க, அவர் வர்ற வரைக்கும் தண்ணி குடுங்க. அசிங்கமா பேசுனாலோ கைய பிடிச்சாலோ மட்டும் பொறுத்துப் போகாதீங்க, சத்தமா சீனியர கூப்புடுங்க.

வெல கொறைக்கச் சொன்னா "ஃபிக்ஸட் ரேட்"னு மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லாம, அதே கலர்ல ஐநூறு ரூபா கம்மியா ஒண்ண எடுத்து பக்கத்துல போடுங்க. ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்துல நாலு பேர் ஒண்ணா கூப்புடுவாங்க, ஒவ்வொருத்தரையும் பாத்து "வந்துட்டேன்க்கா"ன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், நிப்பாங்க.

கடைசியா ஒடம்பு. பாத்ரூம் போக விட மாட்டாங்கன்னு தண்ணியே குடிக்காம நின்னு எங்க கூட ரெண்டு பேருக்கு யூரின் இன்ஃபெக்ஷன் வந்துச்சு, எனக்கு கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு. அப்பல்லாம் உக்காந்தா திட்டு. கேரளால 2018ல உக்கார்ற உரிமைக்கு சட்டம் வந்துச்சு, நம்ம தமிழ்நாட்டுல 1947ல வந்த கடைகள் நிறுவனங்கள் சட்டத்த 2021ல திருத்தி, வேலை பாக்குறவங்களுக்கு உக்கார வசதி செஞ்சு தரணும்னு சேத்தாங்க. அதே சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் லீவுன்னு இருக்கு. சம்பளத்துல ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளிகளுக்கான மருத்துவ இன்சூரன்ஸ், புடிச்சாங்கன்னா கார்டு நம்பர கேட்டு எழுதி வச்சுக்கோங்க, காலுக்கு டாக்டர பாக்க அதுதான் கைகொடுக்கும். சேர்ற அன்னைக்கே உங்க செக்ஷன்ல ஸ்டூல் எங்க போட்டுருக்காங்கன்னு சீனியர் கிட்ட கேட்டுருங்க, கஸ்டமர் இல்லாத நேரத்துல போய் உக்காருங்க, ஒங்கள பாத்து பக்கத்துல நிக்கிறவளும் உக்காருவா.